மாடியில் மட்டும் குறைந்த காய்ச்சல்

ஆசிரமத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு ஜெர்மன்கார அம்மாள் குடியிருந்தார். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் வெள்ளைப் புடவை, வெயிலில் சிவந்த மூக்கு. எதையும் முதலில் தன்மேல் செய்து காட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்குச் செய்வார்.

என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "ஐயோ, நூத்தி ரெண்டு" என்று பதறினேன். அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். நான் கஞ்சியோடு பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் தன் தெர்மாமீட்டரை முதலில் தன் அக்குளில் வைத்துக் காட்டி, பிறகு அவளுக்கு வைத்தார்.

"பாரும்மா, இங்க முப்பத்தொம்போதுதான். நீ வெச்சாதான் ஜாஸ்தியா வருது," என்றாள் மகள்.

"அது செல்சியஸ்டி. நம்மளது ஃபாரன்ஹீட். ரெண்டும் ஒரே ஜுரம்தான்."

அவள் நம்பவில்லை. அந்த அம்மாள் மடியிலேயே தூங்கிப்போனாள். பெற்றவள் நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன்.

அந்த அம்மாள் தன் ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தெர்மாமீட்டரை மகளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் பரணில் போட்டுவிட்டேன்.

போன மாதம் எனக்கே காய்ச்சல். வீட்டில் யாரும் இல்லை. என் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. எழுந்து, ஸ்டூலைப் போட்டுப் பரணில் கைவிட்டுத் துழாவினேன்.