சீனி இல்லாத வீடு

கருப்பட்டியை உடைக்கும்போது முதலில் வருவது இனிப்பின் மணம் அல்ல, புகையின் மணம். அடுப்புச் சாம்பலும் காய்ந்த ஓலையும் கலந்ததுபோன்ற ஒரு காந்தல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் நாக்கின் அடியில் நீர் ஊறும். கேரள எல்லையோர ஊரான கொல்லயிலில் எங்கள் வீட்டில் அம்மா காலையில் ஒரு வட்டுக் கருப்பட்டியை வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைப்பாள். ஒரு வட்டு பதினொன்று அல்லது பன்னிரண்டு துண்டாகும். நான் எண்ணுவேன். எதையும் எண்ணாமல் விட அன்றும் என்னால் முடிந்ததில்லை, எழுபத்து நான்கு வயதான இன்றும் முடியவில்லை. துண்டை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, பாலும் இனிப்பும் போடாத கட்டன்காப்பியை அதன்மேல் விட்டுக் கரைத்துக் குடிப்பதை எங்கள் ஊரில் "கடிச்சுக் குடிக்கது" என்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டு, அப்பாவுக்கு மட்டும் இரண்டு.

அப்பா தையல்காரர். பனச்சமூடு சந்திப்பில் முறி என்று சொல்லும் ஒரு சிறிய அறை, அதில் ஒரு மிதி இயந்திரம். இரண்டு மாநிலத்து ஆட்களும் வந்துபோகும் இடம் என்பதால் அரைமணி நேரத்துக்குள் நாலு தடவை மொழி மாற்றிப் பேசுவார். இனிப்பில் அவருக்கு இருந்த பிரியம் சாதாரணமானதல்ல. பக்கத்துச் சாயாக்கடையில் நாளொன்றுக்கு ஏழு சாயா, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. சாயா தீர்ந்த பிறகு கண்ணாடி டம்ளரின் அடியில் கிடக்கும் சீனியையும் விரலால் வழித்துத் தின்பார்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது, தென்னையின் அடிமூட்டில் அப்பா ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டது நான்தான். மூன்று வரிசையாக வந்தன. வேடிக்கை என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே இரண்டு பேரும் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பு ஒன்றும் தொடக்கூடாது, தொட்டால் காலோ கண்ணோ போகும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அம்மா சீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு என்னை அழைத்தாள்.

"மக்கா, நீ எண்ணுகதுல கெட்டிக்காரன்லா. பள்ளிக்கூடம் இல்லாத நாளு அப்பாக்க கடையில போயி இரி. அவரு சாயாவுல சீனி போடுதாரான்னு பாரு. ஒரு கரண்டி போட்டாலும் எனக்குத் தெரியணும்."

அப்பாவின் கால் என் பொறுப்பில் வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாயாக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, சாயா அடிப்பவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அப்பாவின் பழைய சேக்காளி, வாயை மூடத் தெரியாதவர்.

"ஓய் தையக்காரரே, சீனி இல்லாத சாயா குடிச்சு குடிச்சு உம்ம மொகம் காஜா எடுக்காத சட்ட மாதிரி ஆயிற்றே."

"காஜா நான் எடுத்துக்கிடுவேன், நீரு சாயாவ எடும்."

"நான் போட்டுத் தந்திருவேன் ஓய். அன்னா இரிக்கான் பாத்தீரா ஒரு இன்ஸ்பெக்டரு, அவன்தான் சம்மதிக்க மாட்டான்."

ஐந்து மாதம். நான் பார்க்க ஒரு கரண்டிகூட விழவில்லை. நான் இல்லாத நாளிலும் விழவில்லை என்று சாயாக்கடைக்காரர் சத்தியம் செய்தார். அப்பா மெலிந்துகொண்டே வந்தார். சீனியை விட்டதால் மெலிகிறார் என்று நாங்கள் எண்ணினோம். சாயா ருசிக்காமல் முகம் வாடியிருந்த மனிதருக்கு வீட்டில் ஒரு ஆறுதல் இருக்கட்டும் என்று அம்மா காலையில் நாலு துண்டு கருப்பட்டி வைத்தாள், சாயங்காலம் நாலு.

இதை வாசிப்பவர்களுக்கு இப்போது சிரிப்பு வரலாம். எங்கள் பக்கத்தில் கருப்பட்டியை யாரும் இனிப்பு என்ற கணக்கில் வைத்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. சுக்கோடு சேர்த்துச் சளிக்குக் கொடுப்பது அது. சீனிதான் நோய், கருப்பட்டி மருந்து. "பனையில உள்ளதாக்கும், உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று அம்மா சொன்னாள். சொந்தக்காரர்களும் சொன்னார்கள். மறுபடி பார்த்த டாக்டர், ஏன் குறையவில்லை, என்ன தின்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒரு மணி சீனி தொடவில்லை என்று இருவரும் கடவுளறியச் சொன்னார்கள். அது பொய்யே இல்லை.

நானும் என் பங்குத் துண்டை அப்பாவுக்குக் கொடுத்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. யாரும் சொல்லி அல்ல. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஒதுக்கும் அழகைப் பார்ப்பதற்காக.

ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, வலது பாதத்தின் அடியில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். தையல் ஊசியின் முறிந்த பாதி. சுற்றிலும் சதை கறுத்திருந்தது. "அப்பா, ஊசி" என்றேன். "எங்க மக்கா?" என்று அவர் தரையில் தேடினார். குத்தியதே தெரியாமல் எத்தனை நாளாக அந்தக் காலால் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாரோ. எனக்கு எண்ணத் தெரியாமல் போன முதல் கணக்கு அது.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் காலையில் அம்மா பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றிவிட்டு, முந்தியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டியை அவிழ்த்தாள். அந்த வழியாக வந்த நர்ஸ் நின்றார்.

"எந்தா சேச்சி அது?"

"கருப்பட்டியாக்கும் சிஸ்டரே. சீனி நாங்க ஆறு மாசமா வீட்டுக்குள்ளயே கேற்றுகதில்ல."

நர்ஸ் அந்தத் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இதும் சீனி தன்னே, சேச்சி. ரத்தத்துல போனா ரெண்டும் ஒண்ணாக்கும்."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். மறுவாரம் அப்பாவின் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கருப்பட்டியும் போயிற்று. கட்டன்காப்பியை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கொடுத்த துண்டுகளைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். ஐந்து மாதமும் சில நாளும், நாளுக்கு இரண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு. அதை அவரிடம் சொல்லிவிட்டு அழுதேன்.

"அத எண்ணாத மக்கா" என்றார். பிறகு, "நீ தந்தது நல்ல ருசியா இருந்துது" என்றார்.

அந்தக் காயம் ஆறவே இல்லை. ஓணத்துக்கு அவர் இல்லை. அம்மா அதன்பின் இருபத்தொன்பது வருடம் இருந்தாள். இனிப்பு என்று ஒன்றையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

என் ஐம்பத்தொன்பதாம் வயதில் எனக்கும் அதே நோய் வந்தது. மருமகள் சீனிக்குப் பதிலாக ஒரு குட்டி மாத்திரை வாங்கித் தந்தாள். அதைக் காப்பியில் போட்டுக் குடித்தால் இனித்தது. ஆனால் நாக்கு ஆசையை விடவில்லை, பதினோரு மணிக்கு லட்டு கேட்டது. எல்லாருக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது, என் நாக்கைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்த இனிப்பு மாத்திரையையும் நிறுத்தினேன். ஒரு காலைநேரம் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் அவித்த மரவள்ளிக்கிழங்கு தானாகவே இனித்தபோது, வாயில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பாறசாலையிலிருந்து அமரவிளை வரை பெருவழியோரம் "கருப்பட்டிக் காப்பி, சர்க்கரை உள்ளவர்களும் குடிக்கலாம்" என்று எழுதிய பலகைகள் முளைத்திருக்கின்றன. போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஏழு எண்ணினேன். அப்படி ஒரு கடையிலிருந்துதான் என் மகன் தினமும் குடித்துவிட்டு வருகிறான் என்று தெரிந்தது. அவனுக்கும் ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது. கேட்டதற்கு, "அது சீனி இல்லப்பா, நாச்சுரல் ஆக்கும்" என்றான்.

அவனைப் பனச்சமூட்டுக்குக் கூட்டிப்போனேன். தையல் முறி இருந்த இடத்தில் போன் பழுதுபார்க்கும் கடை. சாயாக்கடை இருந்த சுவடு இல்லை. அப்பாவைத் தெரிந்தவர்கள் அந்தச் சந்திப்பில் ஒருவரும் மிச்சமில்லை. அங்கே நின்றுதான், இத்தனை வருடமும் வீட்டில் யாருக்கும் சொல்லாத இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் மறுநாள் காலையில் கட்டன்காப்பியை வெறுமனே கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"நாக்கு பழக எத்தற நாளு ஆகும்பா?"

"எனக்கு நாற்பத்தொரு நாளு ஆச்சு மக்கா" என்றேன்.

கருப்பட்டியும் நின்ற பிறகு அப்பாவுக்குக் கிடைத்தது இருபத்தாறு நாள்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை.