அப்பா படத்தில் இருக்கும் ஆள்

அப்பாவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. கல்யாண வீடுகளில் கேமராக்காரர் மேடைக்குக் கூப்பிட்டால், பந்திக்கு நேரமாகிறது என்று சொல்லி நழுவிவிடுவார். தி. நகரில் ஒரு சந்துக்குள் பாத்திரக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க எவர்சில்வர் குடத்தில் என் மூஞ்சியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது போதாதா என்பார். அதனால், ஐப்பசி மழையில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போய்விட்டபோது, மாலை போட ஒரு நல்ல படம் எங்கள் வீட்டில் இல்லை.

நான் பல வருடங்களாக ஒரு வலைப்பூ எழுதுகிறேன். முருங்கைக்காய் விலை, அடையாறு பஸ்ஸில் நடந்த சண்டை, எங்கள் அபிராமபுரம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனவர்கள், இடையிடையே புதுப் போன், புது ஆப் பற்றிய செய்திகள். படிப்பவர்கள் ரிட்டயரான சிலரும் என் ஒன்றுவிட்ட அக்காவும்தான். நிலாவைப் படமெடுத்தால் லென்ஸுக்குத் தெரியாத பள்ளங்களைக்கூடத் தானே வரைந்து தருகிற போன்களைப் பற்றி ஒரு முறை எழுதியிருந்தேன். "இனிமேல் படம் என்பது சாட்சி இல்லை, யூகம்" என்று அதில் ஒரு வரி. எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஊருக்குத்தானே உபதேசம்.

அம்மாவும் அப்பாவும் மந்தைவெளியில் என் தம்பி வீட்டில் இருந்தார்கள். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று தம்பி தன் போனைக் குடைந்து, ஒரு கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் அப்பாவைக் கண்டுபிடித்தான். முகம் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு இருவரும் போனோம்.

கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னா சார், இத்தினியூண்டு மூஞ்சி கீது" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "கவலைய வுடுங்க. இப்போ ஏஐ வந்துட்ச்சு. சும்மா கண்ணாடி மாதிரி எடுத்துக் குடுத்துடும்" என்றார்.

"அதுக்கு எங்க அப்பா எப்படி இருப்பாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அது நம்ம கையில இன்னா கீது மேடம்? நாம உள்ள போட்றோம், அதுவே எல்லாம் பண்ணிக்கும்."

பண்ணிக்கொண்டது. மறுநாள் கிடைத்த படத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. நெற்றியில் விபூதி, கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. மூன்றாவது வரிசையிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி கடையிலேயே அழுதான். நானும் அழுதேன்.

பதினாறாம் நாள் கூடத்தில் படத்தை மாட்டி, சந்தனம் வைத்து, மாலை போட்டோம். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, "அப்படியே உசுரோட இருக்காவ பாரேன்" என்று மூக்கைச் சிந்தினாள். வந்த சொந்தமெல்லாம் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, கையில் பூவைக் கொடுத்து நிறுத்தினோம்.

அம்மா படத்தை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூவைத் திரும்ப என் கையிலேயே வைத்தாள்.

"இது யாரு?"

அழுகை பெரிதானது. பாவம், அதிர்ச்சி, நாற்பத்தைந்து வருஷ வாழ்க்கை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "மதினி, இது அண்ணன்தான் மதினி, நல்லாப் பாருங்க" என்றாள். அம்மா விலகி நின்று, "பாத்துட்டுத்தான் கேக்கேன். அவுக படம் எங்க?" என்றாள்.

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரமும் அவள் அந்தப் படத்துக்குப் பூ போடவில்லை. தம்பி மனைவி நல்லவள், பொறுமைசாலி. "பூ போடுங்க அத்தை" என்று ஒரு நாள் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கிறாள். "யாரோ ஒரு ஆம்பளைக்கு நான் எதுக்கும்மா பூ போடணும்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். தம்பி மனைவிதான் இதை என்னிடம் சொன்னாள்.

பிறகு அம்மா கூடத்தில் படுப்பதை நிறுத்தினாள். புழுக்கமாக இருந்தாலும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். கூடத்தைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேற்று ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடப்பதுபோல ஓரமாகப் போனாள். அதை ஒரு நாள் நானே பார்த்தேன். அந்த நடையில் பைத்தியம் எதுவும் இல்லை. ஒரு பெண் அந்நியன் முன்னால் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தாள். நானும் என்னை அறியாமல் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தேன். அது மிகவும் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடையாறில் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னாள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதுக்குத் திணறினாள். நானும் மனசுக்குள் திணறிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் தம்பி தன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, "இது யாரும்மா?" என்றான்.

"தெரியாது."

"உங்க வீட்டுக்காரர் மாதிரி இல்லையா?" என்றார் டாக்டர்.

"மாதிரிதான் இருக்கு" என்றாள் அம்மா.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். ஆரம்ப நிலையாக இருக்கலாம், கணவர் போன துக்கத்தில் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கலாம் என்றார். மாத்திரை எழுதினார். அது அவளைத் தூங்கவைத்தது. பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகியது. தூங்கி விழுவதையும் நாங்கள் நோயின் கணக்கிலேயே சேர்த்தோம்.

ஒரு சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். தாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிட்டால் என்ன செய்வது, நங்கநல்லூர் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இல்லம் இருக்கிறதாமே, விசாரிக்கலாமா என்று தம்பி கேட்டான். விசாரிப்பதில் தப்பில்லை என்று நான்தான் சொன்னேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குக் காது கேட்காது என்று படித்த மூன்று பேர் நம்பினோம்.

அதற்குப் பிறகு தம்பி மனைவி ஒரு பழக்கத்தைத் தொடங்கினாள். காலையில் காபியைக் கையில் கொடுத்துப் படத்தின் முன்னால் அம்மாவை நிறுத்தி, "சொல்லுங்க அத்தை, இது யாரு?" என்று கேட்பாள். ஞாபகத்துக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நல்ல எண்ணத்தோடு வைக்கிற அடிக்கு அம்மி இன்னும் சீக்கிரம் நகரும் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பாவைப் பற்றி வலைப்பூவில் எழுதலாம் என்று என் போனில் அவர் படங்களைத் தேடினேன். இப்போதெல்லாம் போனே முகம் பார்த்துப் படங்களைப் பிரித்து வைக்கிறது. ஆளுக்கு ஒரு வட்டம். அப்பாவின் வட்டத்தைத் தொட்டால் அவர் நழுவி ஓடிய படங்கள்தான். கடைக்குள் குனிந்து குடத்தைத் துடைக்கும் பக்கவாட்டு முகம், சாப்பிடும்போது யாரோ எடுத்த பாதி முகம், பழைய ஆல்பத்திலிருந்து நான் பிடித்து வைத்திருந்த, தலை நிறைய முடியோடு இருக்கும் இளம் வயசுக் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றையும் ஒரே ஆள் என்று அது கண்டுபிடித்திருந்தது. கெட்டிக்கார போன் என்று நினைத்துக்கொண்டே கீழே தள்ளினேன்.

எல்லா வட்டங்களுக்கும் கடைசியில், தனியாக ஒரு வட்டம். அதற்குள் தம்பி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம். குடும்பக் குழுவில் தம்பி அனுப்பியது. அதை அப்பாவோடு சேர்க்கவில்லை. யாரோடும் சேர்க்கவில்லை. அடியில் பெயருக்கு இடம் விட்டு, "இவர் யார்?" என்று கேட்டிருந்தது.

அம்மா கேட்ட அதே கேள்வி. அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். இதை யாரிடம் கூட்டிப்போவது?

அப்பாவின் பழைய படம் ஒன்றையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அப்பாவின் இடது இமை எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இதில் இரண்டு கண்ணும் அளவெடுத்ததுபோல ஒரே மாதிரி. அப்பாவின் மூக்கு நடுவில் லேசாக வளைந்திருக்கும். இதில் நேர் மூக்கு. உதடு யாருடையது என்றே தெரியவில்லை. ஊரில் இருக்கும் அப்பாக்களை எல்லாம் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, அதில் ஒரு உருண்டை பிடித்து, எங்கள் அப்பாவின் கண்ணாடியை மாட்டி அனுப்பியிருந்தது அந்த ஏஐ. நாங்கள் கண்ணாடியையும் விபூதியையும் பார்த்து அழுதிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால், பிள்ளைகள் அப்பன் முகத்தை எங்கே நின்று பார்த்தோம்? கை என்ன வாங்கி வந்திருக்கிறது என்று பார்த்தோம், கோபமாக இருக்கிறாரா என்று பார்த்தோம். முகத்தைப் பார்த்தவள் ஒருத்திதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு ஓடினேன். கதவைத் திறந்த தம்பி மனைவி சிரித்தமுகமாக இருந்தாள். "நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணி. அத்தை இப்ப எவ்வளவோ பரவாயில்ல. மாத்திரை வேலை செய்யுது" என்றாள்.

கூடத்தில் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அதன் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

தம்பியை மாடிக்குக் கூட்டிப்போய்ப் போனைக் காட்டினேன். இமையைப் பெரிதாக்கிப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான். வித்தியாசம் அவனுக்கும் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, இப்ப இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லார் போன்லயும் இந்தப் படம்தான் இருக்கு. அப்பா கடையிலகூட இதைத்தான் மாட்டியிருக்கேன். உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு இப்ப இதுதான் அப்பா மாதிரி இருக்கு. பழைய படத்தப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நேர் மூக்கும் சமமான கண்ணுமாக அந்த ஆள்தான் வந்தான். மறுபடி மூடினேன். மறுபடி அவனே வந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா செத்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

மறுநாளே வேறு கடையில், எதையும் திருத்தாமல், மூன்றாவது வரிசை முகத்தை அப்படியே பெரிதாகப் போட்டு வாங்கினேன். கலங்கலாகத்தான் இருந்தது, சாணி மெழுகிய தரைபோலப் புள்ளி புள்ளியாக. ஆனால் அந்த இமை தாழ்ந்திருந்தது. தம்பி ஸ்டூல் போட்டு ஏறி, ஏஐ படத்தைக் கழற்றி இதை மாட்டினான். அம்மாவை அழைத்துவந்தேன்.

"அம்மா, நீ சொன்னதுதான் சரி. அது அப்பா இல்ல. இதைப் பாரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் என்னவோ அசைந்தது. கை கொஞ்சம் மேலே போனது. அப்புறம் அது பாதியிலேயே நின்றுவிட்டது. படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற மருமகள் முகத்தைப் பார்த்தாள். எங்களில் யாருக்கு என்ன பதில் வேண்டும் என்று தேடினாள்.

"இதுவும் அவுகதான்" என்றாள் மெதுவாக.

"இதுவும்னு சொல்லாதம்மா. இது மட்டும்தான் அப்பா. கழட்டுனது வேற ஆள். உனக்கு ஒண்ணும் இல்ல, நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்."

"அதுவும் அவுகதான்னு காலையில சொன்னேனே" என்று மருமகளைப் பார்த்தாள். "சரியாத்தானே சொன்னேன்?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "எதைச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துடு, அப்படியே சொல்லிடுதேன். நங்கநல்லூர்ல எல்லாம் கொண்டுபோய் விட்டுடாதீக."

தம்பி ஸ்டூலை விட்டு இறங்காமல் சுவரைப் பார்த்து நின்றான். நான் அம்மாவின் கையை விடவில்லை. எங்கேயும் விடமாட்டோம், நீ சொன்னதுதான் சரி, முதல் நாள் நீ சொன்னதுதான் சரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"சரிம்மா. நீ சொன்னாச் சரி."