மூன்றாம் சரணத்தில் அத்தான் நின்றபோது

எங்கள் அத்தானைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்றைய நினைவு நிகழ்வில் சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அத்தான் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே படிப்பை விட்டு மீன் பெட்டி சுமந்தார். மாலையில் மதுக்கடைகளின் பின்னறையில் கிட்டார் வாசித்து, தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். ஒலிவாங்கி வைக்கமாட்டார். பல்லவி வந்ததும் தாம் நிறுத்திவிட்டுச் சபையைப் பாடவிடுவார். இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. பெரும் புகழ் வரவில்லை; அதற்காக அவர் முகம் வாடியதுமில்லை. லண்டனில் தாதியாக இருந்த என் அக்காவை மணந்து, தமிழும் கற்றார். அக்காவுக்குச் சுவிஸில் லுசேர்ன் நகரில் வேலை கிடைத்தபோது, அதன் அருகே எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுக்கு அருகே குடிவந்தார்.

சுவிஸில் அவர் பாடப்போன இடமெல்லாம் நான்தான் கார் ஓட்டினேன். எனக்கு ஆங்கிலம் குறைவு. ஆனாலும் கேட்டுக் கேட்டு, அவருடைய பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன்.

ஒருநாள் காருக்குள் சொன்னார்: "தம்பி, பாட்டு மறக்குது. அக்காவுக்குச் சொல்லாதையும். சனத்துக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். எனக்குப் பயமாக்கிடக்கு. நீர் கொப்பியோட முன்னுக்கு இருந்து வரியை எடுத்துக்குடும்."

"ஐயோ அத்தான், என்னால ஏலாது."

"நீர் ஓட்டுற காரில நான் வாறன் தானே? அதைவிடப் பயமோ?"

அதன்பின் ஒவ்வொரு கச்சேரியிலும் கொப்பி என் கை வியர்வையில் நனைந்தது. ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துத் தொடர்ந்தேன்.

பூம்ப்ளிஸ் என்ற இடத்து மண்டபத்தில், மீன் வெட்டும் பெண்களைப் பற்றிய பாட்டின் மூன்றாம் சரணத்தில் அத்தான் நின்றுவிட்டார். விரல்கள் மட்டும் வாசித்தன. என்னையே பார்த்தார். அப்படி ஒரு பயத்தை அவர் கண்ணில் நான் கண்டதில்லை. மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. எழுந்து அந்த வரியைப் பாடினேன். அத்தான் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்தச் சபையில் இருந்து, இதுவும் அவருடைய வழக்கம் என்று நினைத்த நீங்கள், பல்லவியில் ஒன்றாகச் சேர்ந்து பாடினீர்கள்.

திரும்பும்போது, "பயந்தீரோ?" என்றார்.

"ஓம் அத்தான். இப்பவும் கால் நடுங்குது."

"எனக்கு நாப்பது வருசமா நடுங்குது."

அதுவே அவருடைய கடைசி மேடை. பிறகு எங்கள் பெயர்களும் அவரை விட்டுப் போயின. அக்காவின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. எனக்கு அண்டைக்கு மண்டபத்திலேயே தெரியும். நீ சும்மா எழும்பிப் பாடுற ஆளோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், அன்று பூம்ப்ளிஸில் அறியாமலே அத்தானைத் தாங்கிய உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று அந்தப் பாட்டை நான்தான் பாடவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். கொப்பி கையில் இருக்கிறது. மிகவும் பயமாக இருக்கிறது. பல்லவிக்கு வந்துவிடுங்கள்.