கூடுதலாக வாங்கிய நாலு முழம்

ஆயுதபூசைக்கு மறுநாள் பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது, என் பழைய காரின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். ஆயிரத்து முந்நூறு சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் எஞ்சின். அதன் கோளாறெல்லாம் எனக்கு அத்துப்படி. தண்ணீர்ப் பம்பா, தெர்மோஸ்டாட்டா, ஹெட் கேஸ்கட்டா என்று மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு போன ஒரு பெண் நின்று பார்த்தார்.

"ஏங்க, காத்துப் போற எடத்தையே பூவால அடைச்சு வச்சிருக்கீங்களே?"

ரேடியேட்டருக்கு முன்னால் கம்பியே தெரியாமல் சாமந்தி மாலை. பூசைக்குப் பூ பத்தாது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு, இன்னும் நாலு முழம் வாங்கிச் சுற்றியவன் நான்தான். மாலையை அவிழ்த்தேன். எஞ்சின் ஆறியதும் முள் இறங்கியது.

மாலையை மடியில் வாங்கிக்கொண்டு மனைவி கேட்டாள்:

"என்னங்க, கேஸ்கட்டக் கழட்டியாச்சுல்ல, போவமா?"