வாசிக்காத பெயர்

மனைவிக்கு மறதி நோய் வந்ததிலிருந்து, அவள் மறந்தவற்றை எண்ணிக்கொண்டே இருப்பது என் வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "அம்மா, உங்கடை மனுசன்ரை பேர் என்ன?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று என்னையும் மறந்தவற்றில் சேர்த்தேன்.

மனத்தை வேறெதிலாவது வைக்கலாமென்று, செவ்வாய்தோறும் இறையியல் கல்லூரிக்குப் போய் எபிரேய மொழி படிக்கிறேன். போன கிழமை வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்தபோது, கடவுளின் பெயரை எழுத்தில் உள்ளபடியே உச்சரித்துவிட்டேன்.

"ஐயா, அந்தப் பேரை யூதர் வாயாலை சொல்லமாட்டினம். கண்ணாலை பார்த்துக்கொண்டு 'ஆண்டவர்' எண்டுதான் வாசிப்பினம். அவ்வளவு மரியாதை," என்றார் விரிவுரையாளர்.

"எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் சேர். அப்பான்ரை பேரைச் சொல்லவே மாட்டா," என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் பெயர்களையும் கடைசியில் என் பெயரையும் தாளில் எழுதி அவளிடம் நீட்டினேன். பிள்ளைகளின் பெயர்களை உரக்க வாசித்தவள், என் பெயரில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"வாசியுமன்," என்றேன்.

"போங்கோ, உங்கடை பேரை நான் சொல்லுறதே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விரலை மேலே பிள்ளைகளின் பெயர்களுக்கு நகர்த்தி, "உவையள் ஆர்?" என்று கேட்டாள்.

சொன்னதை நினைவு என்றும் சொல்லாததை மறதி என்றும் எண்ணியிருந்தேன். இரண்டுமே பிழை.