ஈரக் கை

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் தினசரித் தாள் கட்டுகளைச் சரிபார்க்கிறேன். கட்டைவிரலால் விசிறிக்கொண்டே போய், எந்தத் தேதியாவது விட்டுப்போயிருக்கிறதா, எதுவும் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கட்டில் ஒரு தேதி குறைந்தாலும் கடைக்காரர் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பி விடுவது என் பழக்கத்தில் இல்லை. ஒழுங்காக இருந்தால் இன்னொரு தரம் விசிறிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போய், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தால், நான் என்ன நினைப்பது?

அவர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவர். போன வருஷம் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த சமயத்தில் பக்கத்து அறை பற்றிக்கொண்டது. ஓடி வெளியேறும்போது எரிந்துகொண்டிருந்த கதவை வலது கையால் தள்ளினார். உயிர் தப்பியது, கை வெந்துபோனது. மாசக்கணக்கில் கட்டுப் போட்டு ஆறிய பிறகு விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் எதைத் தொடுகிறோம், எம்புட்டு அழுத்துகிறோம் என்பது மட்டும் அந்தக் கைக்குத் தெரியவில்லை. தக்காளியை எடுத்தால் சாறு வழிந்தது. காபி டம்ளரை வாங்கினால் நழுவியது. மருந்து அறையில் அப்படிப்பட்ட கைக்கு வேலை இல்லை. அங்கே கொஞ்சம் அழுத்தி உரசிவிட்டால் போதும், அவ்வளவுதான்.

அவர் மறுபடி அங்கே போய்விடக் கூடாது. எனக்கு வேறு கவலையே கிடையாது. ஃபோர்மேன் அடிக்கடி போன் போடுவார். "ஆடி பொறந்தா சீசன்ண்ணே, ஒங்க கை மாதிரி நல்ல கை கெடைக்க மாட்டேங்கு" என்பார். "சரியாயிட்டு வருது" என்று இவரும் சொல்லுவார். கை சரியாகவே கூடாது என்று நான் போகிற வழியில் உள்ள கோயில் அத்தனையிலும் கும்பிட்டேன். புருஷன் கை தேறக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் கம்பெனியிலேயே காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்க ஆள் தேவைப்பட்டது. சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல மருந்துக் கையை வைத்துக்கொண்டு தகரம் அடிக்கிறதா என்று அவருக்கு ரோஷம்.

இந்த நேரத்தில்தான் மீன் பிடிக்கிற கிறுக்கு பிடித்தது. விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை அணைக்குப் போய்விடுவார். பகல் சாப்பாட்டுக்கு வருவார்.

"மீனு எங்க?"

"கெடைக்கல."

"கையில வாடை அடிக்கி?"

"தண்ணி வாடை."

தண்ணீருக்கு எங்கே கெளுத்தி மீன் வாடை வரும்? அதுவும் வலது கையில் மட்டும்? எனக்கு மண்டை குடைந்தது. முதலில் குடி என்று நினைத்தேன். பேச்சுக் கொடுக்கிற மாதிரி கிட்டே போய் மோந்து பார்த்தேன், இல்லை. அடுத்து வேறு என்ன நினைப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் குளிக்கிற சமயம் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். முழுக்க மீன் வீடியோ. வெள்ளைக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று மீனைத் தூக்கிச் சிரிக்கிறார்கள், பிறகு தண்ணீரிலேயே விடுகிறார்கள். பொம்பளை வீடியோ இருந்திருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும்.

பிறகு பையைச் சோதித்தேன். தூண்டில் நரம்பு இருந்தது. ஒரு நீள மூக்குக் குறடு இருந்தது. முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்னக் கூர் துருத்திக்கொண்டிருக்கும். மாட்டின மீன் கழன்று போகாமல் பிடித்து வைப்பது அதுதான். அந்தக் கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். ஒரு முள்ளில் இல்லை, எல்லா முள்ளிலும். மீன் பிடிக்கப் போகிறவர் மீன் நிற்காத முள்ளை எதற்குக் கொண்டு போகிறார்? அணைக்குப் போவது சும்மா ஒரு சாக்கு என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எதற்குச் சாக்கு என்பதுதான் பாக்கி.

ஆனியின் கடைசியில் ஒரு நாள் ஃபோர்மேன் போனில் இருக்கும்போது இவர் தாழ்ந்த குரலில், "ஞாயித்துக்கெளம போகட்டும், திங்கக்கெளம சொல்லிருதேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கப் போகிறது?  அந்த ஞாயிறு அவர் பைக் தெரு திரும்பியதும் நானும் சேலையை மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அணைக்கரையில் ஒருவர் வழியை மறித்தார். அணை மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் போட்டிருக்கிற காவல்காரர். வயசானவர், கையில் கம்பு.

"யாரு தாயி? இங்கன ஒனக்கு என்ன சோலி?"

"பைக்குல வந்தவுகளப் பாக்கணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கு வேண்டியவரா?"

"தெரிஞ்சவுக" என்றேன். பெண்டாட்டி என்றால் வாயை மூடிக்கொள்வார் என்று தெரியும்.

"பட்டாசு ஆபீஸ்ல மருந்து வேல பாத்தவராம்ல. வெடித் தோட்டா போட்டு மீன அள்ள எடம் பாக்காரோன்னு எனக்கு ஒரு இது. வந்த புதுசுல இவரு போன பெறகு மீனு செத்து மெதந்துச்சு தாயி. பையத் தொறந்து பாத்தேன், தோட்டாவும் இல்ல, மீனும் இல்ல. பிடிக்காரு, விடுதாரு. கொண்டு போனா திருட்டுன்னு பிடிச்சுக் குடுக்கலாம். திருப்பி விடுறவர என்னன்னு சொல்லிப் பிடிக்க?"

"இப்பவும் மெதக்கா?"

"இப்ப ஒண்ணுகூட மெதக்கல. அதான் ஏன்னு தெரியல" என்றார். மிதந்தாலும் சந்தேகம், மிதக்காவிட்டாலும் சந்தேகம். என் இனத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக்கருவைப் புதர் மறைவில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் தனியாகத்தான் நின்றார். சுற்றிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், வேறு யாரும் இல்லை. தூண்டில் நரம்பு விறைத்தது. மீனைக் கரைக்கு இழுத்துப் போடவில்லை, தண்ணீருக்குள்ளேயே பக்கத்தில் கொண்டுவந்தார். தொடுவதற்கு முன்னால் வலது கையைத் தண்ணீரில் முக்கி நன்றாக நனைத்தார். பட்டாசு ஆலையில் அறைக்குள் காலை வைக்கும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள், உடம்பில் மின்சாரம் இருந்தால் இறங்கிவிடும் என்று. அதே நிதானம். நனைத்த கையை மீனின் வயிற்றுக்கடியில் கொடுத்தார். செவுள் பக்கம் விரல் போகவே இல்லை. இடது கையில் குறடைப் பிடித்து, முள் ஏறின வழியாகவே அதைத் திருப்பிக் கழற்றினார். கூர் நசுங்கின முள், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பிறகும் மீனைத் தூக்கி எறியவில்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்து விரலை விரித்து, அது தானாகக் கிளம்புகிற வரைக்கும் நின்றார். வாலை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு மீன் போனது.

இவ்வளவும் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனேன்.

"யாரு பாக்க இந்தக் கூத்து?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எங்க இங்கன?"

"நான் கேக்கதுக்கு மொதல்ல சொல்லுங்க. வீட்டுக்குக் கொண்டு வராத மீன எதுக்குப் பிடிக்கீக?"

கொஞ்ச நேரம் பூசி மெழுகினார். நான் விடவில்லை. கடைசியில் வலது கையை என் முன்னால் நீட்டினார். "இதுக்குத்தான். காஞ்ச கையால தொட்டா மீனு மேல இருக்க வழுவழுப்பு ஒட்டிக்கிட்டு வந்துரும், அது போனா சீக்கு வந்து செத்துரும். அமுக்கிப் பிடிச்சா உள்ள நசுங்கிரும். நல்லாப் போற மாதிரி போயி, பெறகு மெதக்கும். லேசாப் பிடிச்சா துள்ளிக் கல்லுல விழுந்துரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிடி இருக்கு. மருந்துக்கும் அதே பிடிதான். இந்தக் கை அத மறந்து போச்சு. மொதல்ல எத்தனையோ மீனக் கொன்னுட்டேன், பாவம். இப்ப ஒண்ணும் சாகல. கண்ண மூடிக்கிட்டாக்கூட தெரியுது."

முகமெல்லாம் சிரிப்பு. கட்டு அவிழ்த்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. "நாளைக்கு ஃபோர்மேன்ட்ட சொல்லிரலாம்" என்றார்.

எனக்குக் காலுக்கடியில் சேறு நழுவியது. வேறொருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு இவரை மீட்டுக்கொண்டு போயிருப்பேன். கை தேறிவிட்டது என்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? கதவைத் தள்ளின அன்று அந்தக் கையில் ஒரு குறையும் இல்லையே. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர் கையிலும் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், நாலு பேர் போகிற வேலைதானே என்பார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அவருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "மீனு வாயத் தெறந்து சொல்லாதுல்ல. ஒன் கையக் குடு" என்றார்.

கொடுத்தேன். வலது கையைத் தண்ணீரில் நனைத்தார். கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறின தோல், குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. நான் இழுத்தால் வராது, இழுக்காமல் இருந்தால் பிடித்திருப்பதே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை. அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"வலிக்கு" என்றேன். "விடுங்க."

உடனே விரலை விரித்தார். மீனுக்குச் செய்த மாதிரியே, நானாகக் கையை எடுத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார். நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வேறு நின்றது, அது எனக்குத் தோதாகப் போய்விட்டது. அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செவக்கலையே?"

"உள்ள வலிக்கு. நல்லாப் போற மாதிரி போயி பெறகு மெதக்கும்னு நீங்கதான சொன்னீக? மீனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அவர் அணைக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு விட்ட மீன்களில் எது மிதக்கப் போகிறது என்று தேடினார் போல. பாவமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து நான் மாற்றிச் சொல்லவில்லை. இப்போது கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை ஃபோர்மேனுக்குப் போன் போகவில்லை. ஆடி பிறந்தது. ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு எங்கள் கம்பெனியில் தகரம் அடிக்க வந்தார். நான் சரிபார்த்த கட்டுகள் அவர் மேசைக்குத்தான் போகின்றன. அவர் அடித்த காலண்டரில் ஒரு தாள்கூடக் கசங்கியதில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னா பதமான கைய்யா ஒமக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தாள் கட்டை விசிறிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னமும் அணைக்குப் போகிறார். காவல்காரர் எதையும் மிதக்கக் கண்டதில்லையாம், அவரே என்னிடம் சொன்னார். வீட்டில் நான் சோறு போடும்போதோ துணி மடிக்கும்போதோ இவர் திடீரென்று மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப?" என்பார். அதே பதமான பிடி. இப்போது அவர் கண்ணை மூடுவதில்லை. கையையும் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

"வலிக்கு" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுகிறேன்.