தோட்டத்துக் கோடியில் ஓர் அகல்

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதம். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் என்னை அங்கே அழைத்துப் போயிருந்தான். சுற்றிப் பார்க்கவென்று ஒரு கிராமத்தில் மூன்று நாளைக்கு வீடு எடுத்தான். நானூறு வருஷத்து மர வீடு. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுத்த மரச்சட்டங்கள், மேலே வைக்கோல் கூரை, ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். நுழைந்ததுமே உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"குனிஞ்சு கும்பிட்டுட்டு வரச் சொல்லுதும்மா" என்று மகன் சிரித்தான்.

மறுநாள் தீபம். எங்கள் திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு வைப்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் நான் தவறியதில்லை. அகலும் திரியும் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

போய்ச் சேர்ந்த சாயங்காலமே, யாரையும் கேட்காமல் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றிவிட்டேன். புகை பட்டதும் மேலே இருந்த அலாரம் அலறியது. பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். திட்டவில்லை. மரச்சட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொறி பட்டாப் போதும்மா, மொத்தமும் போயிடும். நெருப்பே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல" என்றான் மகன்.

எனக்கு உடம்பே கூசிப்போனது. இந்த வருஷம் விளக்கு இல்லை என்று அகலைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணி. நம் ஊரில் ஐந்தரை. கதவு தட்டும் சத்தம். அந்த அம்மாதான். கற்பூரம் எதற்கென்று மகனிடம் முதல் நாளே விசாரித்திருக்கிறார். தோட்டத்துக் கோடியில், வீட்டை விட்டு எட்ட, ஒரு கல்மேல் அகன்ற கண்ணாடி ஜாடி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர்.

செல்போனில் மலைத் தீபம் தெரிந்ததும் ஜாடிக்குள் அகலை ஏற்றினேன். தூறல் விழ, அவர் குடை பிடித்தார். எங்கள் மலை எந்தப் பக்கம் என்று மகனிடம் கேட்டார். அவன் கிழக்கே கை காட்டினான். குடையோடு அந்தப் பக்கம் திரும்பித் தலை குனிந்து நின்றார். அரோகரா சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதும் தீபத்தன்று மாடியில் விளக்கு வைத்துவிட்டு மலையைப் பார்க்கும்போது, என் சாமிக்கு இடம் கொடுத்த அந்த வீடு இன்னும் நானூறு வருஷம் நிற்க வேண்டும் என்றுதான் அண்ணாமலையாரிடம் முதலில் கேட்கிறேன்.